வீட்டுக் கிணறு கைவிடாது

(தலைப்பு: உலகம் கொந்தளிக்கும்போது நாட்டின் எண்ணெய்த் தேவைக்குத் துணை நிற்பது சந்தையில் வாங்கும் சாமர்த்தியமா? சொந்த மண்ணில் போட்ட முதலா? – ‘சொந்த மண்ணில் போட்ட முதலே’ என்ற அணியில் ஆற்றிய உரை)



நடுவர் அவர்களே, எதிரணியில் பேசிய அம்மா ரொம்ப அழகாகச் சொன்னார்கள். ‘கடையில கிடைக்குது, காசு இருக்கு, வாங்கிக்கலாம். எதுக்கு வீட்டுல செக்கு வைக்கணும்?’ என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் ஒன்றை மறந்துவிட்டார்கள். கடைக்காரருக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் சண்டை வந்து தெருவிலே கல்லெறிந்துகொண்டிருக்கும்போது, கையில் காசு இருந்தாலும் கடைக்கு யார் போவது? (சிரிப்பு, கைதட்டல்)

நான் கதை சொல்ல வரவில்லை. சரித்திரம் சொல்ல வந்திருக்கிறேன். அதையும் நம்ம சென்னையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம்ம ஊர்ல ஒரு ஆள் கொஞ்சம் கெட்டிக்காரனா, தில்லான ஆளா இருந்தா என்ன சொல்லுவோம்? ‘அவன் பெரிய எம்டன்டா!’ என்போம். அந்த எம்டன் யார்? ஆளே இல்லை. அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி சுமாருக்குச் சென்னைக் கடலில் வந்து நின்றது. விளக்கைப் போட்டது. சுட்டது. எதைக் குறிவைத்துச் சுட்டது தெரியுமா? கோட்டையை அல்ல, கவர்னர் மாளிகையை அல்ல. துறைமுகத்தில் இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளை! அரை மணி நேரம். தொட்டிகள் பற்றி எரிந்தன. கப்பல் போய்விட்டது. ஊர் பாதி காலியாகிவிட்டது. உயர்நீதிமன்ற மதில் ஓரம் அதற்கு ஒரு கல்வெட்டு இன்றும் இருக்கிறது. குண்டு போய்விட்டது, கப்பல் போய்விட்டது, ‘எம்டன்’ மட்டும் நம்ம வாயிலே தங்கிவிட்டான். (சிரிப்பு)

ஏன் எண்ணெய்த் தொட்டியைச் சுட்டான் அந்தக் கப்பல் தலைவன்? எதிரியின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டுமா? அதே 1914-இல், எம்டன் வருவதற்கு மூன்று மாதம் முன்னால், பிரிட்டனின் கடற்படை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய்க் கம்பெனியில் 51 விழுக்காட்டுப் பங்கை அரசே வாங்க வேண்டும், விலை 22 லட்சம் பவுண்டு என்றார். தன் மண்ணில் நிலக்கரி குவிந்து கிடந்த நாடு, கப்பலை எண்ணெய்க்கு மாற்றியது. மாற்றிய கையோடு, ‘இந்த எண்ணெயை அடுத்தவனிடம் கைநீட்டி வாங்கக் கூடாது, நமக்கே சொந்தமாக இருக்க வேண்டும்’ என்று முடிவெடுத்தது. சந்தைக்கே பாடம் சொல்லிக்கொடுத்த நாடுங்க அது! அவனே சந்தையை நம்பலை!

எதிரணித் தம்பி உடனே கேட்பார்: ‘அது பெர்ஷியா மண், சொந்த மண் இல்லையே?’ சரியான கேள்வி. அதனால்தான் 1951-இல் ஈரான் அதை நாட்டுடைமை ஆக்கியபோது பிரிட்டன் தவித்தது. அடுத்தவன் வீட்டுக் கிணற்றில் நாம் போட்ட கயிறு, அவன் அறுக்கும் வரைக்கும்தான். என் கட்சிக்கே சாட்சி சொல்கிறீர்கள் தம்பி, நன்றி. (கைதட்டல்)

நடுவர்: தம்பி எதிரணியா, உங்க அணியான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. (சிரிப்பு)

அடுத்த காட்சி, 1942. ஜப்பான் பர்மாவுக்குள் நுழைகிறது. நம்ம ஆட்கள், ராமநாதபுரம், தஞ்சாவூர், செட்டிநாட்டுக்காரர்கள், எத்தனை குடும்பங்கள் காடும் மலையும் தாண்டி நடந்தே வந்தன! வழியிலே எத்தனை பேரைப் புதைத்துவிட்டு வந்தன! அதே நேரத்தில் பிரிட்டிஷார் என்ன செய்தார்கள்? ரங்கூனுக்கு அருகே சிரியம் சுத்திகரிப்பு ஆலையையும், ஏனாங்யாங் எண்ணெய் வயல்களையும் தாங்களே வெடிவைத்து அழித்தார்கள், ஜப்பானியர் கையில் கிடைக்கக் கூடாது என்று. இந்தியாவின் விளக்கெரிய எண்ணெய் தந்த மண் ஒரே வேனிற்காலத்தில் கைவிட்டுப் போனது. அப்போது துணைக்கு நின்றது எது? அசாமில் ஒரு மூலையில் இருந்த திக்பாய். 1889-இல் அங்கே எண்ணெய் கண்டார்கள். 1901-இல் சுத்திகரிப்பு ஆலை வைத்தார்கள். பர்மா எல்லைப் போர்முனைக்கு எரிபொருள் கொடுத்தது அந்தச் சின்ன வயல்தான். யானைக் காலில் எண்ணெய் ஒட்டியிருந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். யானை கண்டதோ, மனிதன் கண்டதோ, அரை நூற்றாண்டு முன்னால் போட்ட முதல் ஆபத்துக்கு உதவியது.

சரி, சுதந்திரம் வந்தது. அப்போது நம்ம எண்ணெய் யார் கையில்? பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ். மூன்று அண்ணன்மார். இறக்குவதும் அவர்கள், சுத்திகரிப்பதும் அவர்கள், விலை சொல்வதும் அவர்கள். நாம் வாங்குவதோடு சரி. எதிரணி சொல்கிற சொர்க்கம் இதுதானே? சந்தையில் வாங்கும் சாமர்த்தியம்! அந்தச் சாமர்த்தியம் எப்படி இருந்தது என்று பாருங்கள். 1960-இல் சோவியத் நாடு மலிவு விலையில் கச்சா எண்ணெய் தருகிறேன் என்றது. நம்ம அரசு, ‘ஐயா, இதைக் கொஞ்சம் உங்க ஆலையில சுத்திகரிச்சுக் கொடுங்க’ என்று அந்தக் கம்பெனிகளைக் கேட்டது. முடியாது என்றுவிட்டார்கள். நம்ம நாடு, நம்ம துறைமுகம், நம்ம காசு. ஆனா நாம கேட்டா முடியாது!

ஆனால் அந்தப் பேரத்திலேயே கம்பெனிகள் கச்சா எண்ணெய் விலையில் தள்ளுபடி தரவும் இறங்கி வந்தன. ஏன்? நாம் தனியாக நிற்க ஆரம்பித்துவிட்டோம் என்று தெரிந்தது. தெருவிலே பார்த்திருப்பீர்கள். வீட்டுக் கிணற்றில் தண்ணி இருக்கிறவனிடம்தான் தண்ணி லாரிக்காரன் பேரம் பேசுவான். கிணறு வற்றினவனிடம், ‘இவ்வளவுதான், வேணுமா வேணாமா?’ என்பான். (கைதட்டல்)

அந்தக் கிணற்றைத் தோண்டத் தொடங்கியவர் ஒருவர் இருக்கிறார். கேசவ தேவ் மாளவியா. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியாது. 1956-இல் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் பிறந்தது, நாம் ஓ.என்.ஜி.சி. என்கிறோமே, அதுதான். கையில் அனுபவம் இல்லை, எந்திரம் இல்லை. ரஷ்ய நிபுணர்கள் வந்தார்கள், ருமேனியாக்காரர்கள் வந்தார்கள். ஸ்டான்வாக் அப்போது மேற்கு வங்கத்தில் அரசோடு கூட்டாகத் தோண்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை, விட்டுவிட்டுப் போனது. நம்ம ஆட்கள் குஜராத்துக்குப் போனார்கள். 1958-இல் காம்பேயில் எண்ணெய். 1960-இல் அங்கலேஷ்வரில் எண்ணெய். ஒரு செய்தி சொல்கிறேன், கேளுங்கள். ஸ்டான்வாக் கைவிட்ட அதே வங்கப் படுகையில், அசோக்நகரில் 2018-இல் எண்ணெய் கண்டார்கள், 2020 டிசம்பரில் எடுக்கவும் தொடங்கினார்கள். அறுபது வருஷம் கழித்து! தோண்டினவன் கண்ணுக்குத்தாங்க நிலம் கதவைத் திறக்கும். கடையில் நிற்கிறவனுக்குத் திறக்காது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. 1973 அக்டோபர். எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலும் போர். அரபு நாடுகள் எண்ணெயை ஆயுதமாக எடுத்தன. அக்டோபருக்கு முன் பீப்பாய் 3 டாலர் சுமார்; 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. சண்டை எங்கேயோ பாலைவனத்தில். விலை ஏறியது எங்கே? நம்ம ரேஷன் கடை மண்ணெண்ணெயில், வயலுக்குப் போடும் உரத்தில், பஸ் டிக்கெட்டில்!

அந்த நேரத்தில், 1974 பிப்ரவரியில், மும்பைக்கு மேற்கே கடலுக்கு நடுவே ‘சாகர் சாம்ராட்’ என்ற துளையிடும் மேடையில் இருந்த நம்ம ஆட்கள் எண்ணெய் கண்டார்கள். பாம்பே ஹை! அதிர்ஷ்டம் என்பார்கள் எதிரணியில். இல்லை ஐயா! அந்தக் கடலடியில் அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது என்று 1960-களிலேயே ஆராய்ந்து வைத்திருந்தார்கள். ஜப்பானில் கட்டிய அந்த மேடைக்கு, விலை ஏறுவதற்கு முன்னாலேயே பணம் ஒதுக்கியிருந்தார்கள். அதனால்தான் 1974-இல் கண்டதை 1976 மே மாதத்தில் எடுக்க முடிந்தது. போர் தொடங்கிய பிறகு கிணறு தோண்ட ஆரம்பித்தவனுக்கு, போர் முடிந்த பிறகுதான் தண்ணி வரும்.

அதன் பலன் என்ன? கணக்கு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 1980-81-இல் நம்ம உற்பத்தி சுமார் 1.05 கோடி டன். 1984-85-இல் 2.9 கோடி டன். நாலே வருஷத்தில் இரண்டே முக்கால் மடங்கு! நம்ம தேவையில் ஏறத்தாழ 70 விழுக்காடு நம்ம மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் வந்தது. 1979-இல் ஈரான் புரட்சி, 1980-இல் ஈரான்-இராக் போர், மறுபடியும் விலை ஏற்றம். 1981-இல் இந்தியா பன்னாட்டு நிதியத்திடம் பெரிய கடனுக்கு ஒப்பந்தம் போட்டது. ஆனால் 1984-இல் என்ன செய்தது தெரியுமா? ‘மீதிக் கடன் வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்’ என்றது! ஒப்புக்கொண்ட கடனில் ஒரு பகுதியை எடுக்கவே இல்லை. கொடுக்கிறேன் என்ற கடனை வேண்டாம் என்று சொல்லுகிற குடும்பத்தைப் பார்த்திருக்கிறீர்களா? (சிரிப்பு) அந்தத் தெம்பு வந்ததற்கு ஒரு முக்கியமான காரணம், கடலுக்கு அடியிலிருந்து வந்த அந்த எண்ணெய்.

பிறகு அசந்தோம். நடுவர் அவர்களே, ரொம்ப வேதனையோடு சொல்கிறேன், அசந்துவிட்டோம். ஊரில் வண்டி பெருகியது, பம்புசெட்டு பெருகியது. உற்பத்தி அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. 1990-91-இல் தேவை 5.5 கோடி டன், உற்பத்தி 3.3 கோடி டன். அந்த நேரம் பார்த்து, 1990 ஆகஸ்ட் 2, சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்தார்.

என் பெரியப்பா மகன் அப்போது குவைத்தில் இருந்தார். டிரைவர் வேலை. எட்டு வருஷச் சம்பாத்தியம். ஜோர்டான் எல்லை வரைக்கும் பாலைவனத்தைக் கடந்து, அம்மானிலிருந்து நம்ம அரசாங்கம் அனுப்பிய விமானத்தில் ஏறி வந்தார். அப்படி வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேலே. வீட்டு வாசலில் நின்றபோது கையில் ஒரே ஒரு பை. அந்தப் பையிலே ஒரு சட்டை, தங்கச்சிக்கு வாங்கிய ஒரு சென்ட் பாட்டில். அவ்வளவுதான். பெரியம்மா அந்தப் பாட்டிலை இன்றைக்கும் பீரோவில் வைத்திருக்கிறார்கள், திறக்காமலே. அந்தத் தங்கச்சி கல்யாணம் நாலு வருஷம் தள்ளிப்போனது.

அந்த வீட்டுக்கு நேர்ந்ததுதான் நாட்டுக்கும் நேர்ந்தது. வளைகுடாவிலிருந்து வந்த பணம் நின்றது. எண்ணெய் விலை ஜூலையில் 20 டாலருக்குக் கீழே இருந்தது, அக்டோபரில் 40 டாலரைத் தொட்டது. 1991-இல் அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் இருந்தது. எண்ணெய் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கடனும் செலவும் முன்னாலேயே ஏறியிருந்தன. ஆனால் கழுத்தைப் பிடித்தது எண்ணெய்தான். மே மாதம் 20 டன் தங்கத்தை விற்றோம். ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றிக் கடல் கடந்து அடகு வைத்தோம். 1984-இல் கடனை வேண்டாம் என்று சொன்ன வீடு, ஏழே வருஷத்தில் தாலிச் சங்கிலியைக் கழற்றியது! நடுவர் அவர்களே, கிணறு சுரந்த வருஷத்துக்கும் சுரக்காத வருஷத்துக்கும் இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? (பலத்த கைதட்டல்)

இப்போதைய கதை என்ன? 1984-85-இல் 2.9 கோடி டன் என்றேன் அல்லவா? 2023-24-இல் 2.94 கோடி டன். நாற்பது வருஷம் ஓடி, அங்கேயேதான் நிற்கிறோம்! நடுவில் 2011-12-இல் 3.8 கோடி டன் வரை ஏறினோம். ராஜஸ்தான் பார்மர் பாலைவனத்தில் 2004-இல் கண்ட மங்களா வயல் கைகொடுத்தது. பிறகு இறங்கிவிட்டோம். தேவையோ 23 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. 100 லிட்டர் எரித்தால் 87, 88 லிட்டர் வெளியூர்ச் சரக்கு.

அந்த வெளியூர்ச் சரக்கில் ஒரு பெரிய பங்கு வரும் வழி எது? ஹோர்முஸ் நீரிணை. 2024-இல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் அந்தச் சந்து வழியாகப் போனது. உலகம் எரித்ததில் ஐந்தில் ஒரு பங்கு! சந்துமுனையில் ஒருத்தன் கட்டையைப் போட்டால் போதும்.

எதிரணியில் சொன்னார்கள்: ‘ஓர் இடத்தில் இல்லையென்றால் இன்னோர் இடத்தில் வாங்கலாம். 2022-இல் உக்ரைன் போர் வந்தபோது ரஷ்யாவிடம் தள்ளுபடியில் வாங்கினோமே, அது சாமர்த்தியம் இல்லையா?’ சாமர்த்தியம்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வந்த ரசீது என்ன? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா, ‘ரஷ்ய எண்ணெய் வாங்குகிறாய்’ என்று சொல்லி, இந்தியச் சரக்குக்குக் கூடுதலாக 25 விழுக்காடு வரி போட்டது. முன்னால் போட்டதோடு சேர்த்து 50. அடி விழுந்தது எங்கே? திருப்பூரில்! எண்ணெய் வாங்கினது யாரோ, பனியன் தைக்கிற பொண்ணுக்கு ஓவர்டைம் போச்சு! வாங்குகிறவன் கையில் சாமர்த்தியம் இருக்கலாம். கயிறு விற்கிறவன் கையிலும் இருக்கும், வேடிக்கை பார்க்கிறவன் கையிலும் இருக்கும். (கைதட்டல்)

இப்போது எதிரணியின் பெரிய அம்புக்கு வருகிறேன். ‘தோண்டு தோண்டு என்கிறாயே, எங்கே தோண்டுவது? தஞ்சாவூர் வயலிலா?’ என்று அந்த அம்மா கேட்டபோது அரங்கமே கைதட்டியது. நானும் கைதட்டினேன். ஏனென்றால் நான் நாகப்பட்டினம் பக்கத்துக்காரன். நரிமணத்தில் எரியும் சுடரை ராத்திரியில் எங்க வீட்டுக் களத்தில் நின்று பார்த்து வளர்ந்தவன். எங்க அப்பா அதைக் காட்டி, ‘தம்பி, அது அரசாங்கத்து அடுப்பு. நம்ம அடுப்பு எரியறது இந்த நெல்லுல’ என்பார். 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் உட்கார்ந்து கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்ததும் நியாயம். அதே 2020-இல் அசாமில் பாக்ஜான் கிணறு வெடித்து மாதக்கணக்கில் எரிந்தது. உயிர் போனது, ஊர் பெயர்ந்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டு நான் பேசினால் எங்க அப்பா மன்னிக்கமாட்டார்.

ஆனால் அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? சோற்றுக் கிணற்றை மூடிவிட்டு எண்ணெய்க் கிணறு தோண்டு என்று நான் சொல்லவில்லை. சாப்பாடும் சொந்த மண் முதல்தான். அதுவும் என் கட்சிதான்! தோண்டக் கூடிய இடத்தில் தோண்டு. பாலைவனம் இருக்கிறது, ஆழ்கடல் இருக்கிறது. கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடலில் 2024 ஜனவரியில் புதிதாக எண்ணெய் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கேயும் மீனவரைக் கேட்டுவிட்டுச் செய். அவசரத்தில் தோண்டுகிறவன்தான் வயலையும் வலையையும் பார்க்காமல் தோண்டுவான். நெருக்கடி வராத காலத்தில் முதல் போட்டவனுக்கு இடம் பார்க்க நேரம் இருக்கும்.

இன்னொன்று. சொந்த மண் முதல் என்றால் கிணறு மட்டும்தானா? நம்ம வீட்டில் குதிர் வைத்திருந்தார்களே, பத்தாயம் வைத்திருந்தார்களே, அது எதற்கு? விளைகிறபோது நிரப்பி, விளையாதபோது சாப்பிட. வள்ளுவர் அரண் என்று ஓர் அதிகாரம் வைத்து, அரணுக்குள்ளே உணவு இருக்க வேண்டும் என்று சொன்னதும் அதற்குத்தான். 1973 அடியை வாங்கிய அமெரிக்கா 1975-இல் சட்டம் போட்டு, லூசியானாவிலும் டெக்சஸிலும் உப்புப் பாறைக் குகைகளில் எண்ணெயைச் சேர்த்து வைத்தது. 2022-இல் விலை ஏறியபோது 18 கோடி பீப்பாயைத் திறந்துவிட்டது. நாமும் விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் என்று மூன்று இடத்தில் பாறையைக் குடைந்து 53.3 லட்சம் டன்னுக்குப் பத்தாயம் கட்டினோம். 2020-இல் கொரோனாவில் விலை சரிந்து கிடந்தபோது சராசரி 19 டாலருக்கு வாங்கி நிரப்பினோம். 5,000 கோடி ரூபாய் மிச்சம் என்றது அரசு. எதிரணிக்கு ஒரு செய்தி: சந்தையில் மலிவாக வாங்கும் சாமர்த்தியத்துக்கும் வீட்டில் பத்தாயம் வேண்டும்! (சிரிப்பு, கைதட்டல்)

ஆனால் அந்தப் பத்தாயம் எத்தனை நாளைக்கு? ஒன்பதரை நாள். எண்ணெய்க் கம்பெனிகளின் இருப்பையும் சேர்த்தால் 74 நாள் வரும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். பன்னாட்டு எரிசக்தி முகமை தன் உறுப்பு நாடுகளுக்கு வைத்த அளவு, நிகர இறக்குமதியில் 90 நாள். ஒன்பதரை நாள் என்பது, நடுவர் அவர்களே, கல்யாண வீட்டுப் பந்தல் பிரிக்கிற வரைக்கும்தான் தாங்கும்.

நிறைவாக ஒன்று. முழுத் தேவையும் நம்ம மண்ணிலேயே கிடைக்கும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். கிடைக்காது. நாம் வாங்கத்தான் வேண்டும். ஆனால் கேள்வி அது இல்லையே. கொந்தளிக்கும்போது துணை எது என்பதுதானே தலைப்பு? எம்டன் வந்தபோது கப்பலில் வந்த எண்ணெய் எரிந்தது. பர்மா போனபோது திக்பாய் நின்றது. 1980-களில் பாம்பே ஹை கடனை வேண்டாம் என்று சொல்ல வைத்தது. 1991-இல் கிணறு பற்றாமல் தங்கம் விமானம் ஏறியது. நான் சொல்லவில்லை, சரித்திரம் சொல்கிறது.

எங்க பெரியம்மா பீரோவில் இருக்கிற அந்த சென்ட் பாட்டில், ஒரு குடும்பம் கொடுத்த விலை. இன்னொரு வீட்டு பீரோவில் அப்படி ஒரு பாட்டில் ஏறக் கூடாது. அதற்கு, அமைதியாக இருக்கிற நாளில் நம்ம மண்ணில் முதல் போட வேண்டும், நம்ம பத்தாயத்தை நிரப்ப வேண்டும். ஊர்க் குழாயில் தண்ணி வரும்வரைக்கும் பிடித்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக் கிணற்றைத் தூர்த்துவிடாதீர்கள். ஊர்க் குழாய் என்றைக்கு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக் கிணறு கைவிடாது.

ஆகவே, கொந்தளிக்கும் காலத்தில் துணை நிற்பது சொந்த மண்ணில் போட்ட முதலே, முதலே என்று கூறி, நல்ல தீர்ப்பை நடுவர் அவர்களிடம் எதிர்பார்த்து அமர்கிறேன்.

(கைதட்டல்)